காபித்தூள் கடையில் என் ஆபீஸ்

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் எப்படியோ விஷயத்தைத் தெரிந்துகொண்டு வந்து கேட்பார்கள். "மேம், நீங்க மூணு வருஷம் ஊர்ல ஒரு காபி ஷாப்ல உட்கார்ந்தே வேலை பார்த்தீங்களாமே, நிஜமா?" கேட்கும்போதே அவர்கள் கண்ணில் ஏசியும் சோபாவும் நுரைமேல் வரைந்த இலையும் தெரியும். நிஜம்தான். ஆனால் அது காபி ஷாப் அல்ல, தேனிப் பக்கம் போடி பஜாரில் ஒரு காபித்தூள் கடை. அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன், ஏன் திரும்பி வந்தேன் என்பதை ஒருமுறை முழுதாக எழுதிவிட்டால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லும் வேலை மிச்சம்.

1. முதல் நாள்

நான் சாஃப்ட்வேர் சப்போர்ட் வேலைக்கு வந்து இருபத்து நான்கு வருஷமாகிறது. கப்பலில் சரக்கு அனுப்பும் ஒரு லண்டன் கம்பெனியின் சிஸ்டத்தை எங்கள் டீம் பார்த்துக்கொள்கிறது. நின்றால் ஓட வைக்க வேண்டும், ஓடினால் நிற்காமல் பார்க்க வேண்டும். கொரோனா சமயத்தில் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அது முடிந்த பிறகும் எங்களில் சிலரை "அங்கிருந்தே பாருங்கள்" என்று விட்டுவிட்டார்கள்.

என் வீட்டுக்காரருக்கு அது போதுமானதாக இருந்தது. போடிக்கு மேற்கே, மலை ஏறுகிற இடத்தில், முந்தலில் அவர் பங்குக்கு ஒரு மாந்தோப்பு உண்டு. வேலையை விட்டுவிட்டு அங்கே போய் உட்கார வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. போனோம். தோப்பில் மாங்காய் இருந்தது, மயில் இருந்தது, சிக்னல்தான் இல்லை. மலையில் மேகம் இறங்கினால் போனில் இருக்கிற ஒரு கோடும் போய்விடும்.

முதல் வாரமே இரண்டு கிளையன்ட் கால் பாதியில் அறுந்தது. சென்னையிலிருந்து மேனேஜர் பேசினார். "விஜயா, நெட்வொர்க் சரியில்லன்னா சொல்லிடுங்க. ஆபீஸ்ல உங்க சீட் அப்படியேதான் இருக்கு." அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அது, திரும்பி வந்துவிடு என்றே கேட்டது. மறுநாள் காலை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போடிக்கு வந்தேன். எங்கே உட்காருவது என்று தெரியாமல் பஜாரில் நடந்து, வந்ததற்குக் காபித்தூளாவது வாங்கலாம் என்று ஒரு கடையில் ஏறினேன். கல்லாவுக்கு மேலே ரௌட்டர் பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது. கண்காணிப்புக் கேமராவுக்காகப் போட்டது என்று பிறகு தெரிந்தது.

கடைக்காரரிடம் கூச்சத்தை விட்டுக் கேட்டேன். "அண்ணாச்சி, அரை மணி நேரம் இங்க உக்காந்து நெட் பாத்துக்கலாமா? லண்டன்ல இருந்து ஒரு மீட்டிங் இருக்கு."

செல்வராஜ் அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். "லண்டனுக்கு இங்கன இருந்தா? உக்காருங்க மேடம், உக்காருங்க. ஏ கிரேஸ், அந்தச் சாக்கை நகட்டிட்டு மேடத்துக்கு ஒரு ஸ்டூலப் போடு."

அந்த அரை மணி நேரம் மூன்று வருஷம் நீண்டது.

2. மிஷின் ஓடும் நேரம்

கடை இப்படி இருக்கும். வாசலில் காபி அரைக்கும் மிஷின். அதற்குப் பின்னால் கல்லா. உள்ளே நான்கு மேசை, அங்கே காபி போட்டும் கொடுப்பார்கள். கடைசியில் கொட்டை மூட்டை அடுக்கிய குடோன், அதற்குள் வறுக்கும் டிரம். குரங்கணி, கொட்டகுடி பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கொட்டை வரும். காலையில் வறுக்கும்போது பஜாரே மணக்கும்.

நான்கு மேசையிலும் ஆண்கள்தான் உட்காருவார்கள். ஏலக்காய் வியாபாரிகள், இலவம்பஞ்சு புரோக்கர்கள், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள். ஒரு பெண் நாள் முழுக்க அங்கே உட்காருவது வழக்கமில்லை. அண்ணாச்சியின் மனைவி கிரேஸ் அக்காதான் வழி கண்டுபிடித்தார். கல்லாவுக்கும் குடோன் கதவுக்கும் நடுவில் தனியாக ஒரு மேசை போட்டு, "இது விஜி ஆபீஸ். இங்கன யாரும் டம்ளர வைக்கப்படாது" என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு யாரும் வைக்கவில்லை.

பிரச்சினை மிஷின்தான். போடிக்காரர்கள் அரைத்து வைத்த தூளை வாங்க மாட்டார்கள். கொட்டையைக் கண்முன்னால் நிறுத்து, கண்முன்னால் அரைத்து, சூட்டோடு பொட்டலம் கட்டிக் கொடுக்க வேண்டும். அந்த மிஷின் ஓடினால் பக்கத்தில் பேசுவது பக்கத்தில் கேட்காது. லண்டன்காரர் ஒருநாள், "உங்கள் வீட்டருகே கட்டட வேலை இன்னும் முடியவில்லையா?" என்று பரிதாபமாகக் கேட்டார். முடியவில்லை என்றேன்.

ஒரு வாரம் பார்த்துவிட்டு அண்ணாச்சி தானாகவே ஒரு முறை வைத்துக்கொண்டார். நான் ஹெட்செட்டைக் காதில் மாட்டினால் மிஷினை நிறுத்திவிடுவார். கழற்றினால் ஓட்டுவார். இடையில் வரும் வாடிக்கையாளரிடம், "மேடம் லண்டன்காரவுககிட்டப் பேசிட்டிருக்காக. ஒரு காபி குடிங்க, அதுக்குள்ள முடிச்சிருவாக" என்பார். என்னால் அவருக்குக் காபி வியாபாரம் கூடியது என்று கிரேஸ் அக்கா கேலி செய்வார். பக்கத்து ஊரான தேவாரத்திலிருந்து வரும் ஒரு பெரியவர் என் மேசை அருகே வந்து நின்று, திரையில் இருக்கும் முகங்களை எண்ணிவிட்டு, "இத்தனை பேரு சேந்து பேசியுமா ஒரு வேலை முடியல?" என்று கேட்டார். எங்கள் தொழிலைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் கேட்டதில்லை.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. மழைக்காலத்தில் பதினொரு மணிக்கே கடை இருட்டும். அண்ணாச்சி கேட்காமலே ஒரு காபி வைத்துவிட்டுப் போவார். சிஸ்டம் நின்றுபோன நாளில் என் முகத்தைப் பார்த்தே, "லண்டன்ல கப்பல் கவுந்துருச்சு போல" என்று மற்றவர்களை எச்சரிப்பார். எந்த ஆபீஸிலும் என்னை அவ்வளவு கவனித்துப் பார்த்தவர்கள் கிடையாது.

ஒரு குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்பெனி ஒரு படிவம் அனுப்பும். "வீட்டில், தனி அறையில், கிளையன்ட் விஷயம் பிறர் காதில் விழாத இடத்தில் வேலை செய்கிறேன்." நான் ஒவ்வொரு முறையும் 'ஆம்' என்று டிக் செய்து அனுப்பினேன். கடையில் யாருக்கும் லண்டன் கப்பலைப் பற்றிக் கவலையில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

3. ஒரு செவ்வாய்க்கிழமை

மூன்றாவது வருஷம், அண்ணாச்சியின் மகள் பிரின்சிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மூன்று வாரம் இருந்தது. கடையில் பத்திரிகைக் கட்டுகள் வந்து இறங்கின.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் எனக்கு ஒரு கே.டி. செஷன். கே.டி. என்றால் எங்கள் தொழிலில், புதியவர்களுக்குச் சிஸ்டத்தை விளக்கிச் சொல்வது. பதினொரு பேர் லைனில் இருந்தார்கள். பின்னால் சேருபவர்களும் பார்ப்பதற்காக ரெக்கார்டிங்கும் ஓடியது. என் ஹெட்செட்டின் மைக் இரண்டு நாளாக வேலை செய்யவில்லை. அதனால் கேட்பதற்கு ஹெட்செட், பேசுவதற்கு லேப்டாப்பின் மைக் என்று வைத்துக்கொண்டேன். இந்த ஏற்பாட்டின் ஆபத்து எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஹெட்செட் மைக் வாயருகே இருப்பதை மட்டும் எடுக்கும். லேப்டாப் மைக் அறையையே எடுக்கும்.

சிஸ்டம் தானாகச் செய்து முடிக்கும் ஒரு வேலையை, எங்கள் பேச்சில் ஒரு ஜாப்பை, ஓடவிட்டு, "இது முடிய நாலு நிமிஷம் ஆகும், வெயிட் பண்ணுவோம்" என்று சொன்னேன். மியூட் செய்யவில்லை. திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். காதை ஹெட்செட் அடைத்திருந்ததால் கடைச் சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. செஷன் முடிந்ததும் சாட்டில், "மேம், மைக் ஆன்ல இருக்கு" என்று எங்கள் டீமின் நித்யா எழுதியிருந்ததைப் பார்த்தேன். டம்ளர் சத்தம் கேட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன். நித்யாவும் போடிப் பெண்தான், சென்னையில் ஹாஸ்டலில் இருந்தாள்.

4. ஜெபக்கூட்டம்

சனிக்கிழமை கடைக்குப் போனபோது கிரேஸ் அக்காவின் கண் வீங்கியிருந்தது. அண்ணாச்சி போனில் கத்திக்கொண்டிருந்தார்.

"ஒனக்கு மட்டுந்தானலே சொன்னேன்! ஒனக்கு மட்டும்! பத்திரிகையில தாய்மாமன்னு ஒம் பேரப் போட்டாச்சு, அது பேருக்கு இருக்கட்டும். நீ வரவேணாம்."

எதிர்முனையில் இருந்தது கிரேஸ் அக்காவின் தம்பி ஜெபராஜ் என்று புரிந்தது. தேனியில் பெயின்ட் கடை வைத்திருப்பவர். வாரம் ஒருமுறை அத்தானைப் பார்க்க வருவார். என்ன சண்டை என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. திங்கட்கிழமை கிரேஸ் அக்காவே சொன்னார்.

"வெள்ளிக்கிழமை பொம்பளைக ஜெபக்கூட்டம் விஜி. யாராருக்கு என்ன கஷ்டம்னு பேர் சொல்லி ஜெபம் பண்ணுவோம். நித்யாவோட அம்மா எந்திரிச்சு, 'செல்வராஜ் அண்ணனோட இருதய ஆபரேசனுக்காக ஜெபிப்போம்'னு சொல்லுறாக. எனக்கு ஒண்ணுமே ஓடல. எல்லாரும் கண்ண மூடிட்டாக. நான் மட்டும் முழிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

மதுரையில் டாக்டர் இரண்டு அடைப்பு இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். மகள் கல்யாணம் முடிகிற வரை மனைவிக்குத் தெரியக்கூடாது என்று அண்ணாச்சி மறைத்திருக்கிறார். மச்சினனுக்கு மட்டும் சொல்லியிருக்கிறார். ஊருக்குத் தெரிந்துவிட்டது என்றால் வேறு யார் சொல்லியிருப்பார்கள்?

"எனக்கு எந் தம்பி மேல கோவமில்ல விஜி, இவுக மேலதான். ஆனா அவன் இல்லாம எம் மக எப்படிக் கோயிலுக்குக் கிளம்புவா?" என்று அக்கா அழுதார். சர்ச்சில் நடக்கிற கல்யாணமானாலும் அவர்கள் வீட்டில் தாய்மாமன் மாலை போட்டுக் கைப்பிடித்துக் கூட்டிப்போனால்தான் பெண் படியிறங்குவாள்.

"அண்ணாச்சி என்னைக்கு அவர்கிட்டச் சொன்னாங்களாம்?" என்று கேட்டேன்.

"போன செவ்வாக்கிழமை, மத்தியானம். இங்கனதான், குடோன் வாசல்ல."

நித்யாவின் அம்மா. செவ்வாய்க்கிழமை மதியம். என் மேசைக்கு நாலடி தூரத்தில் குடோன் வாசல். ரெக்கார்டிங்கைத் திறந்தேன். நாற்பதாவது நிமிஷத்தில், "வெயிட் பண்ணுவோம்" என்று என் குரல். அதற்குப் பிறகு அண்ணாச்சியின் குரல், தெளிவாக.

"ரெண்டு அடைப்புன்னு சொல்லிட்டாக மாப்ள. கிரேஸுகிட்ட மூச்சு விட்டுறாத. கல்யாணத்தத் தள்ளி வச்சிருவா."

"மெல்லப் பேசுங்க அத்தான், மேடம் இருக்காக."

"அவுக காதுல மாட்டியிருக்காக. இடி விழுந்தாலும் கேக்காது."

5. இரண்டு நாள்

உடனே எழுந்துபோய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை.

ஏன் என்று மழுப்பாமல் எழுதுகிறேன். சொன்னால் அந்த மேசை போய்விடும் என்று பயந்தேன். விஷயம் கம்பெனிக்குப் போனால் நான் டிக் செய்த படிவங்கள் எல்லாம் வெளியே வரும் என்று பயந்தேன். இந்த வயதில் வேறு வேலை யார் கொடுப்பார்கள் என்று பயந்தேன். எப்படியும் கல்யாணத்துக்குள் அவர்களே சமாதானமாகிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நித்யாவுக்குப் போன் செய்தேன். "உங்களுக்கும் கேட்டிருக்கும்னு நெனச்சேன் மேம். அண்ணாச்சிய சின்ன வயசுல இருந்து தெரியும், பயந்துபோய் அம்மாகிட்ட ஜெபம் பண்ணச் சொன்னேன்" என்று அழுதாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் ஜெபராஜ் வந்தார். கடைக்குள் ஏறவில்லை. எதிர்ப்பக்கம் பாத்திரக் கடை ஓரத்தில் வெயிலில் நின்றபடி, "அத்தான், எம் பிள்ளைக மேல சத்தியமாச் சொல்லல. ஒரு வார்த்தை கேளுங்க" என்றார். நான் அப்போது லண்டன்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தேன். ஆனால் ரெக்கார்டிங்கைக் கேட்டது முதல் ஒரு காதில் மட்டும்தான் ஹெட்செட் மாட்டிக்கொண்டிருந்தேன், அதனால் கேட்டது. அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் பேசிக்கொண்டிருப்பதையும் பார்த்தார். பார்த்துக்கொண்டே போய் மிஷினைப் போட்டார். அதில் கொட்டைகூட இல்லை. மச்சினன் குரல் கேட்கக்கூடாது என்பதற்காக வெறும் மிஷினை ஓடவிட்டு, முதுகைக் காட்டி நின்றார். ஜெபராஜ் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்துபோனார்.

மூன்று வருஷத்தில் நான் மீட்டிங்கில் இருக்கும்போது அந்த மிஷின் ஓடியது அன்று ஒருநாள்தான்.

புதன்கிழமை காலை கடை திறந்ததும் போய்ச் சொன்னேன். எப்படி மைக் திறந்திருந்தது, யார் கேட்டார்கள், எப்படி ஜெபக்கூட்டம்வரை போனது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்து கேட்டார். கிரேஸ் அக்கா பக்கத்தில் நின்றார்.

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"திங்கக்கிழமை."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். தாழ்ந்த குரலில்தான் கேட்டார். "நேத்து அவன் வெயில்ல நின்னான். நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தீக?"

அவர் செருப்பை மாட்டினார். கிரேஸ் அக்காவும் கூடவே கிளம்பினார். பகல் நேரத்தில் கடையை இழுத்து மூடிவிட்டு இருவரும் தேனி பஸ் ஏறினார்கள்.

நான் பஸ் ஸ்டாண்டில் ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து மேனேஜருக்குப் போன் செய்தேன். அந்த ரெக்கார்டிங் டிரெயினிங் ஃபோல்டரில் இருந்தது. புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் அண்ணாச்சியின் நெஞ்சடைப்பைக் கேட்டுவிட்டுத்தான் வேலை பழக வேண்டும். அதை எடுக்கச் சொல்ல வேண்டுமானால் ஏன் என்று சொல்ல வேண்டும். சொன்னேன்.

"அப்போ மூணு வருஷமா நீங்க வீட்ல இல்லையா விஜயா?" என்றார். பிறகு, "நீங்களா சொல்லலேன்னா இது யாருக்குமே தெரிஞ்சிருக்காது" என்றார்.

"தெரியும் சார்."

ரெக்கார்டிங்கை எடுத்துவிட்டார்கள். எனக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. ஒரு மாதத்துக்குள் சென்னை ஆபீஸில் வந்து சேர வேண்டும் என்று கடிதத்தின் கடைசி வரியில் இருந்தது.

6. கல்யாணமும் கடைசி மாதமும்

கல்யாணத்துக்கு என்னையும் அழைத்தார்கள். பட்டு வேட்டியில் ஜெபராஜ் பிரின்சியின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுப் படி இறங்கியதைத் தெருவில் கூட்டத்தோடு நின்று பார்த்தேன். சாப்பாட்டுப் பந்தலில் அவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார்.

"என்ன லண்டன் மேடம்? ஒங்களால நாலு நாளு எங்க அக்கா வீட்டு வாசப்படிய மிதிக்க முடியாமப் போச்சு" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "சரி, சாப்பிட்டீகளா? அக்கா கேட்டுட்டு வரச் சொல்லுச்சு" என்று இலையைக் காட்டினார்.

கல்யாணத்துக்கு அடுத்த வாரம் அண்ணாச்சிக்கு மதுரையில் ஆபரேஷன் நாள் குறித்தார்கள். வீட்டுக்கு முன்கூட்டியே தெரிந்ததால்தான் அவரை மூட்டை தூக்க விடாமல் பார்த்துக்கொண்டார்கள், எல்லாம் நன்மைக்கே என்று என் வீட்டுக்காரர் என்னைத் தேற்றினார். நான் அந்தத் தேறுதலை ஏற்றுக்கொள்ளவில்லை. அவருடைய ரகசியத்தை எப்போது, யாரிடம் சொல்வது என்று முடிவு செய்ய எனக்கு என்ன உரிமை?

அண்ணாச்சி மேசையைத் திருப்பிக் கேட்கவில்லை. காபியும் நின்றுபோகவில்லை. நான் ஹெட்செட்டை மாட்டினால் மிஷினும் முன்போலவே நின்றது. மாறியது ஒன்றுதான். யாராவது வந்து, "அண்ணாச்சி, ஒரு விசயம்" என்று ஆரம்பித்தால், அவர் உடனே எழுந்து, "வாங்க, வெளிய போயிப் பேசுவோம்" என்பார். குத்திக்காட்டுவதற்காக அல்ல, மரியாதையாகத்தான் செய்தார். இருபது வருஷமாகத் தான் உட்கார்ந்த கடையில் பேச முடியாமல், நெஞ்சில் அடைப்போடு ஒரு மனுஷர் பஜார் வெயிலில் போய் நின்றார். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

ஆபரேஷனுக்கு மதுரை கிளம்புவதற்கு முந்தைய நாள் ஜெபராஜ் பேச வந்தார். அண்ணாச்சி வழக்கம்போல வெளியே போக எழுந்தார். எனக்கு அப்போது ஒரு ரிவ்யூ கால் ஓடிக்கொண்டிருந்தது, மேனேஜரும் லைனில் இருந்தார். நான் இணைப்பைத் துண்டித்து லேப்டாப்பை மூடினேன்.

"நீங்க உக்காருங்க அண்ணாச்சி. நான் வெளிய நிக்கிறேன்."

"வெயிலா இருக்கே மேடம்."

"இருக்கட்டும்."

பாத்திரக் கடை ஓரமாகப் போய் நின்றேன். உள்ளே இருவரும் பேசுவது தெரிந்தது, என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. அண்ணாச்சி ஏதோ சொல்ல, ஜெபராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஒரு மணி நேரம் பேசினார்கள். மேனேஜரிடமிருந்து ஆறு மிஸ்டு கால் வந்திருந்தது.

அண்ணாச்சி நன்றாக இருக்கிறார். நான் சென்னைக்கு வந்துவிட்டேன். தம்பி தங்கைகளே, எங்கிருந்து வேலை செய்தாலும், நாம் பேசுவதை யார் கேட்கிறார்கள் என்றுதான் கம்பெனி நம்மைக் கேட்கும். நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் யார் யார் பேசுகிறார்கள் என்று கேட்காது. அதை நாமே பார்த்து, மைக் திறந்திருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவரிடம் முதலில் சொல்லிவிட வேண்டும். தவறிவிட்டால் அன்றைக்கே போய்ச் சொல்லிவிட வேண்டும். மைக்கைத் திறந்து வைத்ததை அந்தக் குடும்பம் அன்றைக்கே மன்னித்துவிட்டது. தெரிந்தும் நான் சொல்லாமல் இருந்த அந்த இரண்டு நாளைப் பற்றி அவர்கள் அதன்பிறகு ஒரு வார்த்தையும் பேசியதில்லை.